தலைப்பாகையைக் கழற்றாத விஞ்ஞானி

1907ஆம் ஆண்டு. கல்கத்தாவில் ஒரு தமிழ் இளைஞர் டிராம் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். வயது 18. தலையில் தலைப்பாகை. அரசாங்கத்தின் நிதி இலாகாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வேலை ஏற்றுச் சென்னையிலிருந்து வந்தவர். வந்து அதிக நாள் ஆகவில்லை. ஊரும் புதிது, பாஷையும் புதிது.

பௌபஜார் தெருவில் வண்டி போகும்போது ஒரு கட்டடத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. இளைஞர் உடனே வண்டியை விட்டு இறங்கினார். நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

அந்தக் கதவு திறந்தது. இந்திய விஞ்ஞானத்துக்கே ஒரு கதவு திறந்ததாகப் பிற்காலத்தில் அந்த நாளைப் பற்றிச் சொன்னார்கள். அந்த இளைஞர்தான் சர் சி. வி. ராமன்.

சொந்த ஊரை விட்டு வேலைக்காக வெளியூர் போன ஒரு தமிழர், பகலெல்லாம் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த நேரத்தில் உலகப் புகழ் தேடிய வரலாறு இது. தாம் பிறந்த மண்ணின் பழக்கத்தையும் இசையையும் அவர் எங்கே போனாலும் கூடவே கொண்டு போனார். அவற்றை வாய்ப் பேச்சில் மட்டும் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பெருமை உண்மைதானா என்று சோதித்துப் பார்த்து, உலகத்துக்கு நிரூபித்துக் காட்டினார்.

பிழைப்புக்காக இடம் மாறிய குடும்பம்

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில், 1888 நவம்பர் 7ஆம் தேதி ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாமவர். முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் நிலம் வைத்துப் பயிரிட்டவர்கள். ஆனால் தந்தை காலத்தில் நிலத்தை நம்பி வாழ முடியவில்லை. அவர் பள்ளி ஆசிரியரானார். தாம் பிறந்தபோது தந்தைக்கு மாதச் சம்பளம் 10 ரூபாய்தான் என்று ராமன் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1892ல் சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. அப்போது ராமனுக்கு மூன்று வயது. ஆகவே தெலுங்கு பேசும் ஊரில், தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். அந்த வீட்டில் இரண்டு பொருள்களுக்குக் குறைவில்லை. ஒன்று புத்தகம். மற்றொன்று தந்தையின் பிடில். கணக்கும் பௌதிகமும் கற்பித்த சந்திரசேகர ஐயர் பிடில் வாசிப்பதிலும் வல்லவர். மகனுக்கு இந்த இரண்டு சொத்துகளும் வந்து சேர்ந்தன.

பள்ளி இறுதித் தேர்வை ராமன் 11 வயதிலேயே முடித்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்புக்கு வந்த வெள்ளைக்காரப் பேராசிரியர், இந்தச் சின்னப் பையன் தவறிப்போய் இங்கே உட்கார்ந்திருக்கிறானோ என்று சந்தேகப்பட்டுக் கேட்டாராம். 1904ல் பி.ஏ. தேர்வில் பௌதிகத்தில் முதலிடமும் தங்கப் பதக்கமும் அந்தப் பையனுக்குத்தான் கிடைத்தன. 1906ல், இன்னும் மாணவராக இருந்தபோதே, லண்டனிலிருந்து வந்த புகழ்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஒளியைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளியாயிற்று. 1907ல் எம்.ஏ. தேறினார்.

டாக்டர் சொன்ன தீர்ப்பு

அந்தக் காலத்தில் இவ்வளவு கெட்டிக்கார மாணவன் என்றால் அடுத்து இங்கிலாந்து போவதுதான் வழக்கம். ராமனுக்கும் அந்த யோசனை சொல்லப்பட்டது. சென்னை அரசாங்க டாக்டர் ஒருவர் அவரைச் சோதித்துப் பார்த்தார். மெலிந்த இந்த உடம்பு இங்கிலாந்தின் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். சீமைப் படிப்பு அதோடு முடிந்தது.

இந்தியாவில் விஞ்ஞான ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க அன்று வழியில்லை. நிதி இலாகாவுக்கான போட்டித் தேர்வை எழுதினார். அதற்காகப் பௌதிகத்தோடு தொடர்பில்லாத பாடங்களையெல்லாம் படிக்க வேண்டியிருந்தது. அதிலும் முதலிடம் பெற்றார்.

அதே 1907ல் திருமணமும் நடந்தது. ஒரு நண்பர் வீட்டில் லோகசுந்தரி என்ற பெண் வீணை வாசிப்பதை ராமன் கேட்டார். அந்தப் பெண்ணையே மணந்துகொள்ள விரும்பினார். இரண்டு குடும்பங்களும் ஒரே உட்பிரிவைச் சேர்ந்தவை அல்ல என்ற தடையை அவர் பொருட்படுத்தவில்லை. வரதட்சிணையும் வாங்கவில்லை. ஆகாத பழக்கத்தைத் தள்ளுவதிலும், உயர்ந்த கலையைப் போற்றுவதிலும் அவருக்கு இளமையிலேயே தெளிவு இருந்தது.

புது மனைவியோடு கல்கத்தா வந்து, பௌபஜார் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகை வீடு பிடித்தார். அதன் பிறகு நடந்ததுதான் அந்த டிராம் பயணம்.

காலை ஐந்தரை மணிக்கு

ராமன் கதவைத் தட்டிய சங்கத்தை 1876ல் நிறுவியவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காளப் பெரியவர். இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்து விஞ்ஞானத்தில் பெயர் எடுக்க வேண்டும் என்பது அவர் கனவு. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன. முழு மூச்சாக ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. அந்த ஏக்கத்தோடேயே 1904ல் அவர் காலமானார். மூன்று ஆண்டு கழித்து, தலைப்பாகையுடன் ஒரு மதராஸ் இளைஞர் வந்து அங்கே வேலை செய்ய அனுமதி கேட்டார். பெரியவரின் மகன் அமிர்தலால் சர்க்கார் அவரை ஆனந்தத்தோடு வரவேற்றார்.

அன்று முதல் ராமனின் நாள் எப்படிக் கழிந்தது என்பதை லோகசுந்தரி அம்மாள் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். காலை ஐந்தரை மணிக்கு ராமன் சங்கத்துக்குப் போய்விடுவார். பத்து மணிக்குச் சற்று முன்பு ஓடி வருவார். குளித்து, அவசரமாகச் சாப்பிட்டு, வண்டி பிடித்து அலுவலகம் போவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் நேரே சங்கம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேதான். பிற்காலத்தில் சங்கத்துக்கு அடுத்த வீட்டிலேயே குடியேறி, இடையில் ஒரு கதவும் வைத்துக்கொண்டார்.

இப்படி ஓரிரு மாதமல்ல, பத்து ஆண்டுகள்! நடுவில் 1909ல் ரங்கூனுக்கும் அடுத்து நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. நாகபுரியில் வீட்டையே ஆராய்ச்சிக் கூடமாக்கிக்கொண்டார். 1911ல் மீண்டும் கல்கத்தா வந்தார். கணக்கு இலாகா வேலையிலும் அவர்மீது யாரும் குறை சொன்னதில்லை. சம்பளம் தரும் வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்ற பெயர் கடைசிவரை அவருக்கு இருந்தது.

சங்கத்தில் முதல் நாள் கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் டே. எல்லோரும் ஆசு பாபு என்று கூப்பிடுவார்கள். அந்த வங்காளத் தோழர் கால் நூற்றாண்டு காலம் ராமனின் வலக்கையாக இருந்தார். கல்லூரிப் படிக்கட்டை மிதிக்காத அவருடைய பெயரும் ராமன் பெயரோடு சேர்ந்து விஞ்ஞானக் கட்டுரைகளில் அச்சேறியது.

பாதிச் சம்பளத்துக்கு ஒரு வேலை

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. திறமை எந்த மாகாணத்திலிருந்து வந்தாலும் அதைக் கண்டுபிடித்து அழைத்து வருவது அவர் வழக்கம். பல்கலைக்கழகத்தில் புதிதாக ஏற்பட்ட பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவியை ராமனுக்குத் தர விரும்பினார்.

இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஒன்று சம்பளம். நிதி இலாகாவில் ராமன் வாங்கியதில் ஏறத்தாழப் பாதிதான் பேராசிரியருக்குக் கிடைக்கும். உச்சிப் பதவிக்குப் போகக்கூடிய உத்தியோகத்தை விட்டுவிட்டு, குடும்பஸ்தர் ஒருவர் பாதிச் சம்பளத்துக்கு வருவாரா? ராமன் வருவதாகச் சொன்னார்.

இரண்டாவது சிக்கல்தான் பெரிது. அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு முறை கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சில காலம் இருந்துவிட்டு வந்தால் போதும். ராமன் மறுத்துவிட்டார். இந்த மண்ணில், இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சியை வெளிநாட்டு விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டிருக்கும்போது, பயிற்சி என்ற பெயருக்காக எதற்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அது வெறும் வீம்பு அல்ல. அதற்குள் அவர் எழுதி வெளியிட்டிருந்த கட்டுரைகள் பல. முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்தினார். 1917ல் ராமன் அரசாங்க வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 28.

மிருதங்கத்தின் ரகசியம்

கல்கத்தாவில் ராமன் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகளில் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் கோயில்களிலும் கச்சேரி மேடைகளிலும் ஒலிக்கும் வாத்தியங்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. தந்தையின் பிடிலும் மனைவியின் வீணையும் கேட்டுப் பழகிய காது, விஞ்ஞானியின் மூளையோடு சேர்ந்தபோது அரிய உண்மைகள் வெளிவந்தன.

ஒரு தந்தியை மீட்டினால் ஒரே ஒலி மட்டும் கேட்பதில்லை. அடிப்படை ஒலியோடு, அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுள்ள கிளை ஒலிகளும் சேர்ந்தே எழும். அவை சரியான முழு மடங்குகளாக இருப்பதால்தான் அது இனிமையாக இருக்கிறது. ஆனால் வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால், கிளை ஒலிகள் முழு மடங்காக வருவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாமல் வெறும் சத்தமாகப் போகும். ஆகவே தோல் வாத்தியங்களில் சுருதி சுத்தமான நாதத்தை எதிர்பார்க்க முடியாது என்பது மேல்நாட்டு விஞ்ஞானம் சொன்ன பாடம்.

நம் மிருதங்கம் இதற்கு அடங்கவில்லை! மிருதங்கத்தின் வலந்தலையில், தோலின் நடுவே, கறுப்பாக வட்டமாக ஒரு பூச்சு இருப்பதைப் பார்த்திருக்கிறோம். சோறு என்று அதைச் சொல்வார்கள். நடுவில் கனமாகவும் ஓரத்துக்கு வர வர மெல்லியதாகவும் அதைப் படிப்படியாகப் பூசி உலர்த்துவார்கள். தலைமுறை தலைமுறையாக வாத்தியம் செய்கிறவர்கள் கைப்பழக்கத்தில் செய்து வந்த வேலை இது.

அந்தக் கறுப்பு வட்டத்தில்தான் ரகசியம் இருக்கிறது என்று ராமன் காட்டினார். தோலின் நடுவில் அளவறிந்து ஏற்றிய அந்தப் பாரம், தாறுமாறாக எழ வேண்டிய கிளை ஒலிகளை இழுத்துப் பிடித்து, அடிப்படை ஒலியின் முழு மடங்குகளாக மாற்றிவிடுகிறது. முதல் ஐந்து சுருதிகள் தந்தி வாத்தியத்தில் வருவதுபோலவே சுத்தமாகப் பேசுகின்றன. சிவகாளி குமார் என்ற துணை ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து இதைப் பற்றி 1920ல் இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் மறுபடியும் விரிவாக எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, தட்டும்போது மணல் எப்படியெப்படிக் கோலம் போடுகிறது என்று பார்த்து இந்த உண்மையை நிலைநாட்டினார்.

வீணையிலும் தம்பூராவிலும் வேறொரு புதுமை கண்டார். தந்தியை ஓர் இடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசைவற்றிருக்க வேண்டிய கிளை ஒலிகள் எழக்கூடாது என்பது ஐரோப்பிய விஞ்ஞானிகள் வகுத்த விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவையும் கணீரென்று கேட்கின்றன! காரணம் குதிரையின் அமைப்பு. பிடிலின் குதிரை கூர்மையானது. வீணையின் குதிரை அகலமாக, மேல்பக்கம் லேசாக வளைந்திருக்கும். தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா என்ற நூல் இழையைச் செருகி நாதம் கூட்டுவார்கள். இந்த வளைவின் மேல் தந்தி பட்டும் படாமலும் அதிர்வதால் எல்லாக் கிளை ஒலிகளும் உயிர் பெறுகின்றன என்று ராமன் 1921ல் விளக்கினார்.

பிடிலையும் விட்டுவைக்கவில்லை. பிடில் தந்தியில் வில் ஓடும் விதத்தை ஆராய, தாமே ஓர் இயந்திர பிடில் அமைத்தார். ஜெர்மனியில் பௌதிகப் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, இசைக் கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதும்படி கேட்டது ராமனைத்தான். 1927ல் அது வெளிவந்தது.

நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். எந்த வாத்தியத்தில் என்ன அறிந்திருந்தார்கள் என்று அளந்து காட்டி, மேல்நாட்டாரை ஒப்புக்கொள்ள வைப்பது கடினம். ராமன் கடினமானதைச் செய்தார். பெயர் தெரியாத வாத்தியக் கைவினைஞர்களின் அறிவுக்கு உலக விஞ்ஞானத்தில் ஓர் இடம் வாங்கித் தந்தார்.

கடல் ஏன் நீலம்?

பயிற்சிக்காகப் போக மறுத்த ராமன், 1921ல் முதல் தடவையாக இங்கிலாந்து போனார். மாணவராக அல்ல, ஆக்ஸ்போர்டு நகரில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குக் கல்கத்தாவின் பிரதிநிதியாக.

திரும்பி வரும்போது மத்திய தரைக்கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கடலுக்குச் சொந்த நிறம் இல்லை, வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் அது என்று புகழ்பெற்ற விஞ்ஞானி ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் சட்டைப்பையில் வைத்திருந்த சிறு கண்ணாடிக் கருவியை எடுத்தார். அதன் வழியாகப் பார்த்தால் பிரதிபலிப்பை மறைத்துவிடலாம். மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை! இன்னும் அழகாகத் தெரிந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நீலம் அது என்று அவருக்குப் புரிந்தது. பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே இதை எழுதி அனுப்பிவிட்டார்.

அன்று பிடித்த நூலை ஏழு ஆண்டுகள் விடவில்லை. ஒளி, திரவங்களில் எப்படிச் சிதறுகிறது என்ற ஆராய்ச்சியில் நாட்டின் பல பக்கங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அவரோடு சேர்ந்தார்கள். கே. ஆர். ராமநாதன் 1923ல் ஒரு புதிரான அடையாளத்தைக் கண்டார். எஸ். வேங்கடேஸ்வரன் பகலில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே, மற்ற நேரத்தில் வந்து ஆராய்ச்சி செய்தார். ராமநாதபுரம் சீமையில் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் கடைசிக் கட்டத்தில் ராமனுக்குத் தோள் கொடுத்தார்.

1928 பிப்ரவரி 28ஆம் தேதி புதிர் விடுபட்டது. ஒரே நிறமுள்ள ஒளியைத் தெளிவான திரவத்தின் வழியாகச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் பெரும் பகுதி அதே நிறமாக இருக்கிறது. மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வருகிறது. மாற்றம் எவ்வளவு என்பது அந்தப் பொருளின் மூலக்கூறுகளைப் பொறுத்தது. மனிதனுக்குக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு பொருளுக்கும் இந்த மாற்றம் ஓர் அடையாளம். இதற்குத்தான் ராமன் விளைவு என்று பெயர். மருந்து, ரத்தினக் கல், வெடிப்பொருள் என்று எதையும் உடைக்காமல், கரைக்காமல் இன்னதென்று சொல்ல இன்று உலகமெங்கும் இந்த முறை பயன்படுகிறது.

இதற்கு அவர் வைத்திருந்த சாதனங்கள் எளியவை. ஒரு பாதரச விளக்கு, சில கண்ணாடி வடிகட்டிகள், கையில் அடங்கும் நிறமாலை காட்டி. அந்த ஆண்டு மார்ச் 16ஆம் தேதி, பெங்களூரில் தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில் இந்தப் புதிய ஒளியைப் பற்றி ராமன் விரிவாகப் பேசினார்.

ஸ்டாக்ஹோமில் கண்ணீர்

1930ஆம் ஆண்டுக்கான பௌதிக நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக இந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பரிசு நிச்சயம் வரும் என்ற நம்பிக்கையில், அறிவிப்பு வருவதற்குச் சில மாதம் முன்பே கப்பலில் தமக்கும் மனைவிக்கும் இடம் பதிவு செய்துவிட்டார் என்றால், தம் உழைப்பின் மீது அவருக்கு இருந்த உறுதியை அறியலாம்.

டிசம்பர் 10ஆம் தேதி, ஸ்டாக்ஹோமில், சுவீடன் மன்னர் முன்னிலையில் தலைப்பாகையுடனேயே பரிசு வாங்கினார். பௌபஜார் டிராம் வண்டியில் இருந்த அதே கோலம். மாமிசமும் மதுவும் தொடாத பழக்கத்தையும் எந்த நாட்டு விருந்திலும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஸ்டாக்ஹோமில் தம் கண்டுபிடிப்பை மதுசாரத்தைக் கொண்டு செய்து காட்டிவிட்டு, அன்றைய விருந்தில் மதுவை மறுத்தபோது, மதுசாரத்தில் ராமன் விளைவைப் பார்த்தீர்கள், ராமனிடம் மதுவின் விளைவைப் பார்க்க ஆசைப்படாதீர்கள் என்ற பொருள்பட வேடிக்கை செய்தார் என்பார்கள்.

ஆனால் அந்தச் சபையில் அவர் கண் கலங்கியதும் உண்டு. பரிசு பெற வந்தவர்கள் அவரவர் நாட்டுக் கொடியின் கீழ் அமர்ந்திருந்தார்கள். ராமன் தலைக்கு மேல் பிரிட்டிஷ் கொடி. தம் நாட்டுக்கென்று ஒரு கொடிகூட இல்லையே என்ற எண்ணத்தில் உடைந்து போனதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முந்திய ஆண்டுதான் அதே பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் தந்திருந்தது. பட்டம் அந்த வலியை ஆற்றவில்லை.

மனக்கசப்பும் வந்தது

வெளியூரில் உயர்ந்தவர்களுக்கு வரும் சோதனை ராமனுக்கும் வந்தது. அவரை ஆக்கிய ஊர் கல்கத்தா. கதவைத் திறந்த ஆசு பாபுவும், இடம் தந்த சர்க்கார் குடும்பத்தாரும், பதவி தந்த முகர்ஜியும் வங்காளிகளே. அதே ஊரில் நாளடைவில், அவர் தென்னாட்டு இளைஞர்களுக்கே இடம் தருகிறார் என்று முணுமுணுப்பு எழுந்தது.

ராமனின் சுபாவமும் இதற்கு ஒரு காரணம். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். சமாதானமாகப் போகத் தெரியாது. பிறர் மனம் புண்படுமே என்று யோசிக்க மாட்டார். 1933ல் அவர் பெங்களூர் போன பிறகு பூசல் முற்றியது. 1934ல் நடந்த கூட்டத்தில் சங்கத்தின் நிர்வாகம் அவர் கையை விட்டுப் போனது. 27 ஆண்டுகளுக்கு முன் தாம் ஓடிப்போய்க் கதவைத் தட்டிய அதே சங்கம்! அந்த வருத்தம் அவருக்கு வெகுகாலம் ஆறவில்லை.

பெங்களூரில் முப்பத்தேழு ஆண்டுகள்

1933ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பெங்களூர்க்காரர்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் அந்த நிறுவனத்துக்கு இந்தியர் ஒருவர் இயக்குநரானது அதுவே முதல் தடவை. பௌதிகத்துக்கென்று அங்கே ஒரு துறையை எழுப்பினார். ஆனால் நிர்வாகச் சண்டை இங்கேயும் தொடர்ந்தது. 1937ல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை இருந்தார்.

பெங்களூரில் அவருக்கு ஒரு கறையும் உண்டு, அதைக் கழுவிக்கொண்ட பெருமையும் உண்டு. 1933ல் ஆராய்ச்சி மாணவியாகச் சேர வந்த பம்பாய்ப் பட்டதாரி கமலா பாகவத் என்பவரைப் பெண் என்ற காரணத்தால் சேர்க்க மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. வாதாடி, நிபந்தனைகளோடு இடம் பெற்றார். ஓராண்டு அவர் உழைப்பைப் பார்த்த ராமன் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பெண்களுக்கு வழி திறந்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற வானிலை நிபுணரான அன்னா மணி, ராமனின் கூடத்தில் வைரக் கற்களை ஆராய்ந்தவர்தான்.

1934ல் இந்திய விஞ்ஞான அகாடமியை பெங்களூரில் தொடங்கினார். மைசூர் மகாராஜா நிலம் கொடுத்தார். அங்கே 1948ல் ராமன் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஓய்வு பெறும் வயதில் தம் சேமிப்பைப் போட்டு, நன்கொடை திரட்டி அதை உண்டாக்கினார். அரசாங்கப் பணம் வாங்கினால் அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்தப் பழைய கணக்கு அதிகாரி அதை ஏற்கவில்லை. ரோஜாத் தோட்டம் போட்டு, பூக்களின் நிறங்களை ஆராய்ந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ஆர்வத்தோடு விளக்கிக்கொண்டு கடைசிக் காலத்தைக் கழித்தார்.

1954ல் பாரத ரத்னா விருது முதன்முதலாக மூவருக்கு வழங்கப்பட்டபோது, ராஜாஜியோடும் டாக்டர் ராதாகிருஷ்ணனோடும் ராமனும் அதைப் பெற்றார். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட பிப்ரவரி 28ஆம் தேதி, 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. பெங்களூரில் அவர் பெயரால் ஒரு நகரே இருக்கிறது. பஸ்ஸின் பெயர்ப் பலகையில் தினந்தோறும் அதைப் படிக்கிறோம்.

ஒரு மரம் போதும்

1970 நவம்பர் 21ஆம் தேதி, 82ஆம் வயதில் ராமன் காலமானார். தமக்குச் சடங்குகள் வேண்டாம், நினைவுக் கல்லும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள். அவ்வளவுதான்.

தலைப்பாகையை விடாதவர் சடங்கை விட்டார். வீணையைப் போற்றியவர் வரதட்சிணையைத் தள்ளினார். பெண்களை விலக்கியது தவறு என்று தெரிந்தபோது அதையும் மாற்றிக்கொண்டார். பரம்பரையாக வந்ததையெல்லாம் அப்படியே கட்டிக்கொண்டு அழுதவர் அல்ல. வெளியூர் வந்த வெட்கத்தில் எல்லாவற்றையும் உதறியவரும் அல்ல. எது தரமானது என்று சோதித்து, தரமானதை உலகத்தின் முன் தலைநிமிர்ந்து வைத்தார்.

அதற்கு அவரிடம் இருந்த முதலீடு, அலுவலகம் போவதற்கு முன்பு கிடைத்த நான்கு மணி நேரமும், அலுவலகம் விட்ட பின்பு கிடைத்த நான்கு மணி நேரமும்தான்.